யாரையும் வீழ்த்தாத டெமாரியஸ்

கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து, தன் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் பொறுக்குவதுதான் பத்தொன்பது வருடமாக வெண்டல் க்ரூபரின் பிழைப்பு. இம்முறை தடுப்பு வரிசையின் நடுவில் நிற்க டெமாரியஸ் என்ற கல்லூரி ஆட்டக்காரனுக்கு முதல் மார்க் போட்டிருந்தார்.

"ஒருத்தனைக்கூட வீழ்த்தலையேய்யா இவன்! மார்க்கைக் குறை," என்றார் மேலாளர் கர்ட்.

"மாட்டேன் சார். நம்ம தடுப்புல நடு ஆளோட வேலை வீழ்த்துறதா? எதிராளி ரெண்டு பேரை நகரவிடாம நிறுத்துறது. இவனோட இந்தப் பழைய காலேஜ் ஆட்டத்தைப் பாருங்க."

திரையில் இரண்டு தடியர்கள் டெமாரியஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவன் பின்னால் நின்ற அவனுடைய அணிக்காரன் தடையில்லாமல் பாய்ந்து, பந்தோடு ஓடியவனைச் சாய்த்தான்.

"சாய்ச்சவன் யாரு தெரியுதா? போன வருஷம் நீங்க ஆசைப்பட்டு எடுத்த ஆளு. முன்னாடி டெமாரியஸ் இல்லாம, இங்க வந்து ஒருத்தனையாவது சாய்ச்சானா?"

வெண்டல் அந்த மார்க்கின் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டார்.