கன்னத்தில் இருந்த கை

ஐயாவின் வலது கை மணிக்கட்டோடு போனது, மீனுக்குப் போட்ட வெடியில். திரி எரிந்து முடியமுன் எறிந்திருக்க வேண்டும், பிந்திவிட்டார். கள்ளவெடி போட்டவனின் மகள் என்று எங்கள் ஊர் மயிலிட்டியில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நானேதான் எனக்குச் சொல்லிச் சொல்லிக் கூசிக்கொண்டு திரிந்தேன்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்தால் அவருக்குச் சவரம் எடுத்துவிடுவது என் வேலை. ஒருநாள் வலது கன்னத்தில் சவர்க்கார நுரையைப் பூசும்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, உதிலை மெல்ல. பெருவிரலிலை படுகுது."

"எந்தப் பெருவிரல்?"

"போன கையின்ரை."

"விசர்க்கதை கதையாதேங்கோ, ஐயா."

நான் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவள். குரங்கின் மூளையில் எந்த உறுப்பின் தொடுகை எங்கே பதிகிறது என்ற படத்தைச் சோதனையில் பிழையில்லாமல் கீறி நல்ல புள்ளி எடுத்தவள். அந்தத் திமிர் வேறு.

பிறகு என் கலியாணம் வந்தது. தாரை வார்க்கையில் பெண்ணின் கையைத் தகப்பன் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். இடது கையால் எப்படிக் கொடுப்பது, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், பெரியப்பா செய்யட்டும் என்று சொன்னது அம்மா இல்லை, நான்தான். ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம், அதுதான் வடிவு," என்றார்.

நான் மணவறைக்குப் போகமுன் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உன்ரை கையை ஒருக்கா என்ரை கன்னத்திலை வை. நான் பிடிச்ச மாதிரி இருக்கும்."

மாப்பிள்ளையின் தமக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை இழுத்துக்கொண்டு, "சும்மா போங்கோ, ஐயா," என்றேன். போனார்.

சில வருடங்களுக்குப் பின், படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அதே படத்தைக் கரும்பலகையில் கீறினேன். கைக்குரிய இடம். அதற்கு அடுத்தாற்போல் முகத்துக்குரிய இடம். போன கையிலிருந்து ஒன்றும் வராமல் மூளையில் வெறுமையாய்க் கிடந்த வளவுக்குள், அயல் வளவுக்காரன் வேலியை நகர்த்துவதுபோல், முகம் வந்திருக்கலாம். எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஐயா சொல்லியிருந்தார், நான் விசர் என்றேன்.

அந்தச் சனிக்கிழமையே மயிலிட்டிக்குப் போனேன். ஐயா முற்றத்தில் இருந்தார். பக்கத்தில் குந்தி, அவருடைய வலது கன்னத்தில் என் உள்ளங்கையை வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார்.

"இப்ப இல்லைப் பிள்ளை," என்றார். "அந்தக் கை போயிட்டுது. உன்ரை கலியாணத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தது."