ராகு காலத்துக்கு முன்னால் வந்த நெற்றி

என்னைப் போல ஒரு மடையனைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் சோழவந்தானுக்கெல்லாம் போக வேண்டாம், நானே வந்து நிற்கிறேன். வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில் பிறந்தவன் நான். அப்படியிருந்தும் ஒற்றை இலையை நூறு இலைக் கட்டான கவுளி என்று எண்ணி, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் என் அக்காவின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர் ரோட்டோரம் பள்ளம் தோண்டி ஆரஞ்சுக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் போகிற கேபிளில் விநாடிக்கு நூற்றைம்பத்தைந்து மெகாபிட் ஓடும் என்று சூப்பர்வைசர் அண்ணன் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் யார் எதைக் கேட்டாலும் நான் மெகாபிட்டில்தான் பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கணக்கில் வாங்கிய மார்க்கை மட்டும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு துபாயிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தன் போட்டோவை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மதுரை சிம்மக்கல் பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களையும் அத்தை சகுனம் சொல்லி நிறுத்தியிருந்தார். அப்பாவின் அக்கா அவர். பஞ்சாங்கத்தை அவர் கையில் எடுத்துவிட்டால் அப்பா வாயைத் திறக்க மாட்டார். “இதுவும் நின்னுச்சுன்னா இனிமே எவன் போட்டோவையும் எங்கிட்ட காட்டாதீக” என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. படம் வர எவ்வளவு நேரமாகும் என்று அப்பா என்னைக் கேட்டார். படம் இரண்டு மெகா என்று சென்டர் அண்ணன் போனில் சொல்லியிருந்தார். அவர் கடை மோடம் ஐம்பத்தாறு கிலோ. இரண்டாயிரத்தை ஐம்பத்தாறால் வகுத்தேன். “முப்பத்தாறு செகண்டுப்பா” என்றேன். அரை நிமிஷம்தானே என்று எல்லோரும் நிதானமாகக் குளித்து, பூ வைத்து, இட்லி தின்று கிளம்பினோம். சென்டருக்குள் நுழையும்போது பத்து இருபத்தைந்து.

பத்து இருபத்தேழுக்குப் படம் திறக்க ஆரம்பித்தது. முப்பத்தாறு விநாடி கழித்துத் திரையில் இருந்தது துபாய் வானம் மட்டும். சென்டர் அண்ணன் என் கணக்கைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“தம்பி, படம் மெகா பைட்டுடா. மோடம் கிலோ பிட்டு. எட்டு பிட்டு சேர்ந்தாத்தான் ஒரு பைட்டு. நீ இலையையும் கவுளியையும் ஒண்ணாப் போட்டு வகுத்துருக்க.”

ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஐந்து நிமிஷம். வானம் முடிந்து முடி வந்தது. முடி முடிந்து நெற்றி வந்தது. விபூதிக் கீற்று வந்தது. அப்போது சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தொட்டது.

அத்தை எழுந்து முந்தானையை விரித்துத் திரையை மூடினார். “போதும். நேரம் போயிருச்சு. இந்த எடம் நமக்கு வேணாம்.”

அக்கா மடியிலிருந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தது. அப்பா அத்தையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“ஏன்டா, துபாயில இருந்து மதுரை வரைக்கும் அந்தப் பெரிய கேபிள்லதான வருது? அது வர எம்புட்டு நேரமாகும்?”

பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இந்த முறை இலையை இலையாகவே எண்ணினேன். இரண்டு மெகாபைட்டை எட்டால் பெருக்கினால் பதினாறு மெகாபிட். கேபிளோ நூற்றைம்பத்தைந்து.

“ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குப்பா! நம்ம மோடம் ரெண்டாயிரத்து எழுநூறுக்கு மேல சேர்ந்தாத்தான் அந்த ஒரு கேபிளுக்குச் சமம். படம் பத்து இருபத்தேழுக்கே மதுரைக்குள்ள வந்துருச்சு. மதுரைக்குள்ள இருந்து இந்தக் கடைக்குத்தான் நடந்து வருது!”

“வந்தா என்ன? முகம் தெரியலையில்ல” என்றார் அத்தை.

“போன மாசம் ராமேஸ்வரம் போறப்ப நீங்க என்ன செஞ்சீக? நல்ல நேரத்துல பையை மட்டும் பக்கத்து வீட்டுல வச்சுட்டு, ராகு காலத்துலதான பஸ் ஏறுனீக? பை போனா ஆள் போனதுக்குச் சமம்னு சொன்னீகள்ல? மாப்பிள்ளைக்கு நெத்தியே வந்துருச்சு அத்தே!”

சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “தம்பி சொல்றது ஞாயந்தான்க்கா” என்றார். அத்தை மெல்ல முந்தானையை இழுத்துக்கொண்டார்.

அங்கே மீசை வந்திருந்தது. அதன் கீழே ஒரு சிரிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அதே வேகத்தில் அக்கா முகத்திலும் ஒன்று இறங்கியது. சென்டர் அண்ணன் எனக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். பந்தியில் எனக்கு மட்டும் இரண்டு அப்பளம்.

பிறகு நானே கேபிள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் விஷயம் தெரிந்தது. பெரிய கேபிள் எவ்வளவு அகலமாக இருந்தாலும், கடைசியில் இருக்கும் மோடம் விழுங்க விழுங்கத்தான் படம் கிளம்பும். அது மதுரைக்கு முன்கூட்டியே வந்து காத்திருக்கவில்லை. மூக்கும் மீசையும் புறப்பட்டதே ராகு காலத்தில்தான்.

பல வருஷம் இதை நெஞ்சுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். போன மாதம் அக்கா மகளின் சடங்குக்குப் போயிருந்தபோது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் சொன்ன கணக்கு தப்பு என்று மெகாபிட் மெகாபிட்டாக விளக்கினேன். அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பந்தலில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு காரணந்தான்டா கேட்டேன், கணக்கா கேட்டேன்?”