ஆறு மணிக்கு மேல் போடலாம் என்றேன்

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு வாளியும் பெரிய அண்டாவும் நிரப்பினேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுக் காபி. எட்டு மணிக்குள் ஆபீசுக்கான ஐந்து புடவைகளையும் இஸ்திரி போட்டு அடுக்கினேன். இட்லிக்கு அரைத்தேன். ஃபிரிட்ஜைத் துடைத்தேன். சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தபோது பதினொன்று இருபது. 12.40க்கு மகளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. "இன்னிக்கு ஓட்டு ஆறு மணி வரைக்கும்தான். வழக்கம்போல எட்டு மணி இல்லை. எல்லார்கிட்டயும் சொல்லிடு." படித்துவிட்டு "சரி" என்று பதில் போட்டேன். பிறகு சாப்பிட்டோம்.

இவ்வளவும் அன்றைய டைரிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. செய்தி வந்த நேரம் உள்பட. ஆகவே தெரியாமல் நடந்தது என்று நான் எழுத முடியாது.

மகளுக்கு இருபத்தாறு வயது. கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை. ஆறு வயதிலிருந்து நடனம் கற்றவள். டிசம்பரில் மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மலையாள சானலில் நடிகர் நடிகைகள் ஆடும் போட்டியில், நடன மாஸ்டர் ஒருவருக்கு உதவியாளராகச் சேர்ந்தாள். அந்த மாஸ்டர் தயார் செய்தது ஒரு சீரியல் நடிகையை. நாகர்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பெண். அவளுக்குக் கால் வைக்கச் சொல்லிக் கொடுப்பது, எண்ணிக்கை சொல்வது, வீங்கிய முழங்காலுக்கு ஐஸ் வைப்பது எல்லாம் என் மகள். நடிகையை அக்கா என்று கூப்பிடுவாள்.

லீவு எடுத்த அன்று நானும் அவளும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நடிகை ஜெயித்தால் மாஸ்டர் என் மகளைத் தன் குழுவில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் அவள் வேலையை விடலாம். ஜெயிக்காவிட்டால் லீவு முடிந்த மறுநாள், மார்ச் 24 திங்கட்கிழமை, கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். "அதுவரைக்கும் நான் குறுக்கே நிக்க மாட்டேன். நம்ம தெரு ஓட்டுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னேன். அவள் கை கொடுத்தாள். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

எங்கள் தெரு கரமனையில், மலையாள ஊருக்குள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து இருக்கும் தெரு. முதல் வாரம் ஒருவரும் அந்தப் போட்டியைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது வாரம் நடிகை மேடையில் வழுக்கி விழுந்து, மலையாளம் எல்லாம் மறந்து, "ஐயோ அம்மாடி" என்றாள். மறுநாள் காலை எதிர்வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டு, "நம்மாளு ஆக்கும் அவ. ஓட்டு எப்படிப் போடறது, சொல்லு" என்றாள். அப்படிப் பதினோரு வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு ஃபோனிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து ஓட்டு. ஐந்தாவது வாரம் கோடி வீட்டு மாமி கண்ணாடி போடாமல் அமுக்கி, பத்தும் எதிராளியான சினிமாக் காமெடி நடிகருக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஒரு முறை வைத்தேன். எல்லோரும் எங்கள் கூடத்துக்கு ஃபோனோடு வர வேண்டும். நான் ஒன்று, இரண்டு என்று சொல்வேன். எல்லோரும் சேர்ந்து அமுக்க வேண்டும். பெயருக்கு நேரே நான் டிக் போடுவேன். அதற்கென்று ஒரு நோட்டு. ஆபீசில் பத்திருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவளுக்கு இது கஷ்டமில்லை. ஆனால் பன்னிரண்டு வாரத்தில் களைத்துப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லாமல் போயிற்று.

மார்ச் 23, ஃபைனல் அன்று, நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். கடைசி ஆள் வந்தபோது நாலேகால். ஒருத்தி ஃபோனில் ஆப் புதிதாக இறங்க வேண்டியிருந்தது. அது இறங்கி முடிந்தபோது எதிர்வீட்டு மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு இருபத்தெட்டு. நாலரைக்கு ராகுகாலம் தொடங்கறது."

"ரெண்டு நிமிஷம் இருக்கே, அமுக்கிடலாம்" என்றாள் கோடி வீட்டு மாமி.

"நீ அமுக்கின லட்சணம் தெரியாதா? பத்தும் அந்தத் தடியனுக்கு."

"ஒரே ஒரு நாள் கண்ணாடி எடுக்க மறந்தேன். சாகிற வரைக்கும் சொல்லிண்டிருங்கோ."

"பாதி ஓட்டு நல்ல நேரத்திலயும் பாதி ராகுகாலத்திலயும் விழுந்தா நன்னாவா இருக்கும்? கடைசி ஓட்டு. ஆறு மணிக்கு மேல போடலாம்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு மாமி என் பக்கம் திரும்பினாள். "என்னடி, நோட்டு உன் கையிலன்னா இருக்கு. நீ சொல்லு."

எங்கள் தெருவில் ராகுகாலத்தில் புதுப் புடவை பிரிக்க மாட்டார்கள், டாக்டரைப் பார்க்கக்கூடக் கிளம்ப மாட்டார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆபீசில் எத்தனையோ உத்தரவுகளை அந்த நேரத்தில் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

"ஆறு மணிக்கு மேல் போடலாம் மாமி" என்றேன்.

சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். பால் பொங்கும்வரை நின்றுகொண்டு, திங்கட்கிழமை காலை மகளுக்கு டிபன் டப்பாவில் எலுமிச்சம்பழ சாதம் வைக்கலாமா, தயிர் சாதம் வைக்கலாமா என்று யோசித்தேன். அதை யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது.

சரியாக ஆறு மணிக்கு எல்லோரும் ஃபோனை எடுத்தார்கள். நான் "ஒன்று" என்றேன். நடிகை படத்துக்குக் கீழே பச்சையாக இருக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் மேல் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது என்று மலையாளத்தில் ஒரு வரி. பதினோரு ஃபோனிலும் அதே வரி. கோடி வீட்டு மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எட்டு மணி வரைக்கும்னா உண்டு எப்பவும்?" என்று எதிர்வீட்டு மாமி என்னிடம் கேட்டாள்.

"மாத்திட்டான் போலிருக்கு" என்றேன்.

"சொல்லாமலா மாத்துவான்? கள்ளன்."

பிறகு ஒருத்தி, மற்ற நாளெல்லாம் போட்டது இருக்கிறதே என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஏழு மணிக்கு ஃபைனல் தொடங்கியதும் முறுக்குத் தட்டு சுற்றி வந்தது.

நடிகை இரண்டு தடவை ஆடினாள். இரண்டாவதில் அவள் சுற்றிச் சுற்றி வந்து மண்டியிட்டு நின்றபோது எங்கள் கூடத்தில் முறுக்குக் கடிக்கும் சத்தம்கூட இல்லை. காமிரா ஒரு கணம் மேடை ஓரத்துக்குப் போயிற்று. அங்கே என் மகள் நின்றுகொண்டு, விரலால் தொடையில் தாளம் தட்டி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நடிகை நின்ற பிறகும் அவள் எண்ணுவது நிற்கவில்லை.

"அதோ உன் பொண்ணு" என்றாள் எதிர்வீட்டு மாமி. "மெலிஞ்சு போயிட்டாளேடி. ஆனா முகத்தைப் பாரு."

பார்த்தேன்.

ஒன்பது பத்துக்கு முடிவு சொன்னார்கள். காமெடி நடிகர் முதல். எங்கள் நடிகை இரண்டாவது. வித்தியாசம் மிகக் குறைவு என்று தொகுப்பாளினி சொன்னாள், எவ்வளவு என்று சொல்லவில்லை. தங்கத் தாள்கள் பறந்தன. எங்கள் கூடத்தில் ஒருத்தி அழுதாள். மற்றவர்கள் எழுந்து நின்று சண்டை போட ஆரம்பித்தார்கள், டிவியோடு.

"தடியன் என்ன ஆடினான்? வயித்தைக் குலுக்கினான்."

"முன்னாலேயே தீர்மானம் பண்ணியாச்சு. பின்னே நம்மகிட்ட ஓட்டு கேட்டது எதுக்கு?"

"தமிழ்ப் பொண்ணுக்குக் கொடுப்பானா? அந்தக் கப்பை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவானா?"

கோடி வீட்டு மாமி மட்டும், "பாவம், அவனும் முட்டி வலியோடதான் ஆடினான்" என்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எதிர்வீட்டு மாமி ஃபோனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினாள். பேசப் பேச அது எழுதிக்கொண்டது. படித்துப் பார்த்துத் திருத்தி, சானலின் பக்கத்தில் கமென்ட்டாகப் போட்டாள். என் ஃபோனிலும் பார்த்தேன். "கரமனையிலிருந்து நாங்கள் பதினோரு பெண்கள் இன்று நூற்றிப்பத்து ஓட்டு போட்டோம். அதெல்லாம் எங்கே போயிற்று? பதில் சொல்ல வேண்டும்." கீழே யார் யாரோ கைதட்டும் படமும் நெருப்புப் படமும் வைத்தார்கள். கொல்லத்திலிருந்து ஒருவர், சேச்சி கேட்டது நியாயம் என்று மலையாளத்தில் எழுதியிருந்தார்.

"மாமி, இன்னிக்கு நாம போடலையே" என்றேன்.

"போட வந்தோமா இல்லையா? அவன்னா கதவைச் சாத்தினான்" என்றாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. அப்போதே அவளுக்கு அது அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக அதற்கு லைக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தட்டுகளைக் கழுவினேன். கூடத்தைப் பெருக்கினேன். நோட்டில் அன்றைய பத்தியில் டிக் எதுவும் இல்லை.

மகள் பத்து மணி சுமாருக்கு வந்தாள். முகத்தில் மேடைப் பொடி மினுங்கியது. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, மாமியோட கமென்ட்டை வேன்ல படிச்சுக் காட்டினேன். அக்கா அழுதுண்டே வந்தா, இதைக் கேட்டதும் சிரிச்சுட்டா. கரமனை மாமிகள் போதும் எனக்குன்னா. எல்லாரையும் பார்க்க வரேன்னு சொல்லியிருக்கா."

சாதம் போட்டேன். அவள் பிசைந்து இரண்டு வாய் சாப்பிடும்வரை காத்திருந்தேன்.

"நாங்க இன்னிக்குப் போடலை" என்றேன்.

"என்னது?"

"எல்லாரும் வந்து சேர நாலு இருபத்தெட்டு ஆச்சு. ராகுகாலம் கழிஞ்சு போடலாம்னு இருந்துட்டோம்."

அவள் சிரித்தாள். சாதம் புரைக்கேறும்படி சிரித்தாள். என் கணவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் மெசேஜ் அனுப்பினேனே. நீ சரின்னு போட்டியே."

"போட்டேன்."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவளே எனக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"மாமி கேட்டபோது ஞாபகம் இருந்தது" என்றேன்.

என் கணவர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூத்திப்பத்துல ஒண்ணும் மாறியிருக்காதும்மா. எத்தனையோ பேர் போடறா."

"இருக்கலாம்."

"உனக்கு நான் தோக்கணும்னு இருந்துதா?"

"நீ வேலைக்குப் போகணும்னு இருந்தது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாப்பிடாத சாதம் பாதி இருந்தது.

"நான் நாளைக்குப் போறேன். சொன்னபடி. நான் சொன்னதை மாத்த மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மேடைப் பொடியைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். வெகு நேரம் தண்ணீர் ஓடியது. நான் டைரியைத் திறந்து நடந்ததை நேரப்படி எழுதினேன். நாலு இருபத்தெட்டுக்கு எதிரே எழுத ஒரு வரிதான் இருந்தது. அதையும் எழுதினேன்.

மார்ச் 24, திங்கள். 4.35க்கு எழுந்தேன். குழாயைத் திறக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில், அவள் கம்பெனி மேலாளருக்கு, மேலும் ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அங்கே இப்படி எழுதுவார்களா, ஈமெயிலில்தான் அனுப்ப வேண்டுமா, தெரியாது. எனக்குத் தெரிந்த வடிவம் இதுதான். காரணம் என்ற இடத்தில் முதலில் சொந்த வேலை என்று எழுதி, அடித்துவிட்டு, நடனம் என்று எழுதினேன். அடித்தல் இல்லாமல் இன்னொரு தாளில் நகல் எடுத்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, அவள் கதவுக்குக் கீழே உள்ளே தள்ளினேன். பிறகு பால் வைக்கப் போனேன்.