பஸ்ஸில் கூடைக்கு ஓர் இடம்

புதுச்சேரிக்கு வடக்கே ஒரு பொறியியல் கல்லூரியில் சாலைப் போக்குவரத்துப் பாடம் நடத்துவது என் வேலை. ஒரு நாள் காலையில் வாகனக் கணக்கெடுப்புக்காக மாணவர்களோடு கனகசெட்டிக்குளம் போயிருந்தேன். வேலை முடிந்து, டவுனுக்குப் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். எனக்குப் பின்னால் மீன் விற்கும் அம்மா ஒருவர் அன்னக்கூடையோடு படியில் கால் வைத்தார். கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"கூடையோட ஏறாதம்மா. தண்ணி சொட்டுது, நாத்தம் அடிக்குதுன்னு ஜனங்க என்னத்தான் திட்டறாங்க."

"பின்ன தலைல வச்சிக்கினு டவுனுக்கு நடக்கவா?"

பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தது. நான் இறங்கிவிட்டேன். ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேரும்வரை இருவரும் வெயிலில் நின்றோம். "தெனம் இதே கததான் டீச்சர். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள வாங்கறவங்க வாங்கிக்கினு போயிடறாங்க" என்றார் அந்த அக்கா. அவர் குரலில் புகார்கூட இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது.

அந்த வருடம் போக்குவரத்து ஆராய்ச்சிக்கு நிதி தருவதாக மத்திய அரசுத் துறை ஒன்று அறிவித்திருந்தது. நம் நாட்டில் இது நடக்கும் விதம் சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். துறை தலைப்புகளைக் கொடுக்கும், கல்லூரிகள் திட்டம் எழுதும், நிபுணர் குழு கேள்வி கேட்கும், பிடித்தால் தவணை தவணையாகப் பணம் வரும். தலைப்புகள் பெரும்பாலும் மின்சார வாகனம், ஓட்டுநர் இல்லாத கார் என்றே இருக்கும். நான் மீன்கூடையைப் பற்றி எழுதினேன். பயணிகள் பஸ்ஸில் கசியாத, வாடை வராத ஒரு சரக்குப் பெட்டியை வடிவமைத்து, ஓட்டிப் பார்த்து, அதனால் என்ன மாறுகிறது என்று அளப்பதுதான் திட்டம்.

கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மேடம். தலைப்புல எலக்ட்ரிக்னு ஒரு வார்த்தை மட்டும் போட்டுருங்களேன்."

"அது டீசல் பஸ் சார்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நிபுணர் குழு கணினித் திரையில் வந்தது. ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "இது சமூக நலத் திட்டம். இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?"

என் அப்பா மில்லில் நெசவுத் தொழிலாளி; மேலதிகாரி முன்னால் தலையை நிமிர்த்திப் பேச வீட்டிலேயே கற்றிருந்தேன். "பயணிகள் முகம் சுளிப்பது வாடைக்கா, கூடையைப் பார்ப்பதற்கா? யாருக்கும் தெரியாது. பெட்டி வைத்தால் பஸ் தாமதமாகுமா? தெரியாது. மார்க்கெட்டுக்கு முன்னதாகப் போனால் அவர்கள் விற்பனை எவ்வளவு மாறும்? அதையும் யாரும் அளந்ததில்லை. தெரியாததை அளந்து தெரிந்துகொள்வதுதானே ஆராய்ச்சி?" என்றேன். பிறகு இன்னொருவர், பெட்டியில் வெப்பநிலை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். நிதி கிடைத்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை. துறை தரும் ஆராய்ச்சிப் பணத்தில் கருவி வாங்கலாம். தனியாருடைய பஸ்ஸை மாற்றிக் கட்ட முடியாது. பஸ்ஸுக்கு அனுமதி தருவது வேறு அலுவலகம். மீன் விற்கும் பெண்களுக்கு உதவுவது மூன்றாவது அலுவலகம். மூன்று இடத்து அதிகாரிகளும் நல்லவர்கள், மூவரும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். பெட்டியைப் பஸ்ஸின் பாகமாக இல்லாமல், கழற்றி மாட்டக்கூடிய கருவியாகச் செய்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மூன்று அதிகாரிகளையும் எங்கள் கல்லூரிக்கே வரவழைத்து, ஒரே மேசையில் உட்காரவைத்து, அதைச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டார்கள்.

பஸ் முதலாளிக்கு ஒரு கவலைதான். "பின்னாடி சீட்டு போவுதே மேடம்?"

"கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடுங்க. ஓட்டிப் பாருங்க, கட்டுப்படியாகலன்னா நானே கழட்டிடறேன்."

மூலக்குளத்தில் என் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பட்டறையில் பெட்டியைச் செய்தோம். முதல் நாளே கருவடிக்குப்பம் பக்கம் டிரைவர் பிரேக் போட, ஐஸ் தண்ணீர் வழிந்து ஒருவருடைய வெள்ளைப் பேன்ட்டை நனைத்தது. கண்டக்டர், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று என்னைப் பார்த்தார். அன்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுவாரம் அடித்தட்டில் தடுப்புகள் வைத்து, மூடியின் ரப்பரை மாற்றி, மறுபடி ஓடவிட்டோம். அப்புறம் வழியவில்லை.

இரண்டாம் தவணைக்கு முன்னால் துறை ஒரு நிபுணரை அனுப்பியது. "இது சமூக நலத் திட்டம்" என்று சொன்ன அதே மனிதர். கனகசெட்டிக்குளத்தில் அவர் போன் பேசிக்கொண்டே முன்படியில் ஏறினார். அதே நேரம் அந்த அக்கா பின்படியில் கூடையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். நிபுணரைப் பெட்டியை ஒட்டிய இருக்கையில் உட்காரவைத்தேன். முத்தியால்பேட்டை நெருங்கும்போது அவர் பொறுமையிழந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "மீனை எப்போதுதான் ஏற்றுவீர்கள்?"

அக்கா என்னிடம், "இன்னாவாம் அவருக்கு?" என்றார்.

"மீன் எங்கன்னு கேக்கறாரு."

அக்கா மூடியைத் திறந்து துணியை விலக்கினார். "சங்கரா மீனு. வேணுமான்னு கேளு."

அவர் பெட்டியையும் அதை இடித்துக்கொண்டிருந்த தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இறங்கி மார்க்கெட் வரை அக்காவின் பின்னாலேயே நடந்து, அவர் கடை பரப்புவதையும் விற்பதையும் நின்று பார்த்தார். இரண்டாம் தவணை தாமதமில்லாமல் வந்தது. துறையின் அடுத்த அறிவிப்பில் பயணிகள் பஸ்ஸில் சிறு வியாபாரிகளின் சரக்கு என்றொரு தலைப்பு இருந்தது. மீன் என்று அதில் எழுதியிருக்கவில்லை. இருக்கட்டும்.

திட்டம் முடிந்து அறிக்கை அனுப்பியதும், பெட்டியைக் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்கப் பஸ் முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ஐயோ, அத ஏன் கழட்டறீங்க? இன்னொரு பஸ்ஸுக்கும் போடலாம்னு இருக்கேன். டெல்லிக்கெல்லாம் எழுதிக்கினு இருக்காதீங்க மேடம், லேட்டாவும். படத்த மட்டும் அனுப்புங்க, நானே செஞ்சிக்கறேன்."

வரைபடங்களை அன்றே அனுப்பிவிட்டேன்.