காற்றுக்கு ஒரு சிட்டிகை

குலசிங்கத்தின் ஜாக்கெட்டை வாங்கி, காலரிலிருந்து கைமடிப்பு வரை முகர்ந்து பார்க்கிறாள் கௌரி. மனுரேவாவில் அவள் வீட்டுக் கராஜுக்கு வேட்டை பழக வருகிற எவருக்கும் முதல் சோதனை இதுதான்.

"அத்தான், இதை எங்கை கொழுவி வைச்சனீங்கள்?"

"குசினிக் கதவுக்குப் பின்னாலை."

"அதுதானே பாத்தன்! அக்கா தாளிச்சது, பொரிச்சது எல்லாம் இதிலை கிடக்கு. மான் மணந்து பாத்து, என்ன கறியெண்டு சொல்லிப்போட்டுத்தான் ஓடும்."

குலசிங்கம் அவளுடைய அக்கா அன்னபாக்கியத்தின் கணவர். வயதில் நன்றாக மூத்தவர், பிளாக்ஹவுஸ் பே என்கிற ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். ஜாக்கெட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு, அவள் நீட்டிய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார். வேட்டை உடுப்பு எதையும் கௌரி வீட்டுக்குள் ஏற்றுவதில்லை. கராஜில், மூடி போட்ட வாளிக்குள்தான் அவை கிடக்கும்.

ஒரு ஆஸ்பத்திரி நேர்ஸுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்காத ஆள் இல்லை. வார்டில் கூட வேலை செய்யும் ஒருத்தி தொண்ணூற்றிரண்டில் காய்மனாவா மலைக்குக் கூட்டிப் போனாள், அவ்வளவுதான். வேட்டைத் துவக்கு லைசென்ஸுக்காக விசாரிக்க வந்த பொலிஸ்காரர், மனைவியிடம் பயமிருக்கிறதா என்று அவள் கணவனைத் தனியாகக் கேட்டாராம். "ஓம், ஆனால் அது துவக்குக்கு முந்தியே இருக்கு" என்றாராம் அந்தப் புண்ணியவான்.

குலசிங்கத்துக்குத்தான் அவசரம். ஞாயிற்றுக்கிழமை மான் இறைச்சிச் சோறு என்று மூன்று வீடுகளுக்குச் சொல்லிவிட்டார். அன்னபாக்கியம் கறித்தூள் வறுத்து இடித்தும் ஆயிற்று. வெறுங்கையோடு போனால் அந்த மூன்று வீடும் வருசம் முழுக்கச் சிரிக்கும்.

காய்மனாவா மலையில் கணுக்கால் வரை பனி. கௌரி நாலடி வைப்பாள், நிற்பாள். மனதுக்குள் ஒரு தேவாரம் பாடி முடிக்கும் வரை அசையமாட்டாள். பிறகு நாலடி. குலசிங்கம் ஒரு அடி கூடுதலாக வைத்தால் உறைந்த பனி அப்பளம் போல நொறுங்கும், அவள் திரும்பிப் பார்ப்பாள். குளம்புத் தடத்தைக் கண்டால் குனிந்து விரலால் தடவுவாள். "விளிம்பு கூரா இருந்தால் இப்ப போனது. உள்ளுக்கை பனி விழுந்திருந்தால் நேத்தையான். வெயில் படுற சரிவுக்குத்தான் மேய வரும், நாங்களும் அங்கைதான் போகோணும்."

இடுப்பில் ஒரு திருநீற்றுப் பை. வாசனை போடாத திருநீறு, அதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். ஒரு சிட்டிகை எடுத்து உதிர்ப்பாள். அது பறக்கிற திசைக்கு எதிர்த்திசையில் நடை.

"பிள்ளை, இது பாவமில்லையோ?"

"பூசுறது வீட்டிலை, அத்தான். இஞ்சை இது காத்துக்கு. சாமிக்கு விளங்கும்."

எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு கட்டளைகள். மானை முழுசாகக் காணும் வரை ரவைத் தோட்டா சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். துவக்கின் மேல் பூட்டிய குறிக்கண்ணாடியால் எதையும் தேடக்கூடாது, அதற்கு பைனாகுலர் இருக்கிறது. "காலைக் கண்டால் மானில்லை. முதுகைக் கண்டால் மானில்லை. தலையும் கழுத்தும் தோளும் ஒண்டாத் தெரியோணும். மிச்சமெல்லாம் உங்கட ஆசை."

குலசிங்கம் நல்ல பிள்ளையாகத்தான் தலையாட்டினார். ஆனால் மத்தியானம் சரிவுக்கு அப்பால் ஒரு மரக்கிளை அசைந்து பனி கொட்டியது. அதன் கீழே மண்ணிறமாக ஒரு முதுகு. ரவையை எப்போது ஏற்றினார், துவக்கை எப்போது தூக்கினார், அவருக்கே தெரியாது. விரல் விசையில் இருந்தது.

காதருகே கௌரியின் குரல். ஊசி போடும்போது பேசுகிற அதே குரல்.

"தலை எங்கை, அத்தான்?"

"தோள் தெரியுது, பிள்ளை... வடிவாத் தெரியுது..."

"தலையைச் சொல்லுங்கோ." அவள் கை துவக்குக் குழாயைப் பிடித்து மெல்ல நிலத்தை நோக்கித் தாழ்த்தியது.

மண்ணிற முதுகு நிமிர்ந்தது. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கம்பளிக் கோட்டில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இவர்களைக் கண்டு, சிரித்துக் கை காட்டினார். கௌரியும் சிரித்துக் கை காட்டினாள். அவர் தன் பாட்டில் சரிவிறங்கிப் போய்விட்டார், பாவம், ஒன்றும் தெரியாமல்.

குலசிங்கம் அப்படியே பனியில் குந்திவிட்டார். கௌரி துவக்கை வாங்கி, ரவையைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். இன்னொருத்தி என்றால் அந்த மலையே அதிரக் கத்தியிருப்பாள். சும்மா சொல்லக்கூடாது, இவளின் பொறுமைக்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

"மனுசன், பிள்ளை..." என்றார் அவர். "மனுசன்..."

அவள் திருநீற்றுப் பையை அவிழ்த்தாள். காற்றுப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்து அவர் எழும்பப் பார்த்தார். கௌரி கையுறையைக் கழற்றி, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பனியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, பயந்த குழந்தைக்குப் பூசுவது போல மூன்று விரலால் இழுத்துப் பூசினாள்.