பக்கவாட்டில் நின்று அளந்த வேகம்

நான் இயற்பியல் ஆசிரியர். என் மனைவி நர்ஸ். கல்லூரி நாட்களில் வேகப்பந்து வீசியவள். பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவி ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அவளைச் சூலக்கரை மைதானத்துக்கு அழைத்துப் போனேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீசினாள். நான் பக்கவாட்டில் தள்ளி நின்று அளந்தேன். மணிக்கு அறுபத்தொரு கிலோமீட்டர் என்று காட்டியது.

“அம்புட்டுத்தானா? வயசாயிருச்சுல்ல” என்றாள். முகம் வாடிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். “பந்து கருவியைப் பாத்து நேரா வந்தாத்தான் சரியா காட்டும். சாய்வா நின்னு பிடிச்சா கொறைச்சுத்தான் காட்டும்.”

“அப்ப ஸ்டம்புக்குப் பின்னால வந்து நில்லுங்க.”

“மேல பட்டுரும்மா.”

“பிசிக்ஸ் சாரு, இதுக்குப் பயந்துதான் அங்கன ஒதுங்கி நின்னீகளா?” என்று சிரித்தாள்.

பயந்துகொண்டேதான் போய் நின்றேன். அவள் ஓடி வந்து வீசிய பந்து ஸ்டம்பை உரசிக்கொண்டு என் முழங்காலில் வந்து அடித்தது. வலியோடு கருவியைப் பார்த்தேன். எழுபத்து நான்கு.

ஓடி வந்தவள், நர்ஸாக இருந்தும், முதலில் எட்டிப் பார்த்தது அந்த எண்ணைத்தான். முழங்காலை அப்புறம்தான் தேய்த்துவிட்டாள்.