ஒருசந்தியும் ஊசியும்

கடலைக் கண்டு எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் தோணித் தண்டல். ஆழம் போதாமல் கப்பல்கள் கரையை விட்டு வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கே போய்ச் சரக்கு ஏற்றி இறக்கும் தோணிகளில் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. யுத்த காலத்தில்கூட அவரை அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து மீன் கழுவியிருக்கிறேன். நான் நடுங்கியதெல்லாம் சீனிக்குத்தான்.

என் மாமனாருக்கு நீரிழிவு. காலில் சிப்பி கீறிய சின்னக் காயம் ஆறாமல் அழுகி, முதலில் கால் போனது, பிறகு அவரே போனார். அவர் கிடந்த அறையின் வாடையை நான் மறக்கவில்லை. யுத்தம் முடிந்த மறுவருஷம் டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, “அப்பாவுக்கு இருந்ததுதான் மகனுக்கும்” என்றபோது அந்த வாடைதான் மறுபடி மூக்கில் ஏறியது.

தினமும் காலையில் சர்க்கரையை இறக்கும் ஊசி போடச் சொன்னார். சோறு ஓர் அகப்பை, இனிப்பு கூடவே கூடாது. ஒரு புட்டியில் நீல மருந்தும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்தார். சில சொட்டுச் சிறுநீரை அந்த மருந்தில் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் கவனம். செங்கல் சிவப்பானால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். குசினியில் அதற்கென்றே ஒரு மூலையில் தனி அடுப்பு வைத்தேன். குழாய் சூடாகும்போது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். “என்ன நிறம்ளா?” என்று அவர் உள்ளேயிருந்து கேட்பார். சிவப்பு என்றால் அன்று முழுக்க மாமனாரின் கால்தான் என் கண்முன் நிற்கும்.

வீட்டில் இருந்த சீனி, கருப்பட்டி, கல்கண்டு எல்லாவற்றையும் வாரி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். எங்களோடு இருந்த மதினிக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, அதில் கடுங்கோபம். கருப்பட்டி இல்லாத காப்பியைக் குடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். தெருமுனைக் கடை அண்ணாச்சியிடமும் போய்ச் சொன்னேன்: “அவுங்களுக்கு ஒரு துண்டு கருப்பட்டி குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, பெறகு உங்க கடை வாசலை மிதிக்க மாட்டேன்.”

அரிசியை விட்டுச் சமைப்பதென்றால் எங்கள் வீட்டில் புதுப்பாடம். அண்ணாச்சி கடைக்கு விளாத்திகுளம் பக்கமிருந்து குதிரைவாலி வரும். அதில் உளுந்தும் வெந்தயமும் கூட்டி அரைத்து இட்லி ஊற்றினேன். முதல் ஈடு கல்லாக வந்தது. அவர் ஒன்றைக் கையில் எடுத்து எடைபார்த்தார். “ஏளா, தோணிக்கு நங்கூரம் குறையுது. ரெண்டு கட்டிக் குடு.” பிறகு உளுந்தைக் கூட்டினேன், மாவைக் கூடுதல் நேரம் புளிக்க விட்டேன், மெத்தென்று வந்தது. கேப்பைப் புட்டில் சீனிக்குப் பதிலாக முருங்கைக்கீரையும் துருவிய தேங்காயும் கலந்தேன். குதிரைவாலியில் சுட்ட ஆப்பத்துக்கு இனிப்புப் பாலை நிறுத்திவிட்டுச் சாளைமீன் குழம்பை ஊற்றினேன். முகம் கோணாமல் தின்றார். குழாய் மெல்ல மெல்லப் பச்சைக்கு இறங்கியது. ஆனாலும் என் பயம் இறங்கவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். எப்போதாவது வேர்த்து நடுங்கினால், உளறினால், உடனே இனிப்பைக் கொடு.” இனிப்பா, இவருக்கா? டாக்டர் வாய் தவறிச் சொல்கிறார் என்றே நினைத்து, மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி விரதம் இருப்பார்கள். கோயிலில் மத்தியானம் கஞ்சி ஊற்றும்வரை பச்சைத்தண்ணீர்தான். காலையில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “இதைப் போட்டா ஒருசந்தி முறிஞ்சிருமோ?”

“வாய் வழியா போகலைல்லா? அதெல்லாம் முறியாது” என்றார் மதினி.

நானும் அதுதான் சரி என்றேன். எங்கள் கவலையெல்லாம் ஊசியால் ஒருசந்தி கெட்டுவிடுமோ என்பதுதான். வெறும் வயிற்றில் அந்த ஊசி என்ன செய்யும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோறு இல்லாத நாள், குழாய் இன்றைக்கு நீலமாகவே நிற்கும் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு எனக்கு.

முற்பகலில் சிலுவைப்பாதை. பெரிய மரச்சிலுவையைத் தெருவழியே தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். ஊரே முழங்காலில் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது திடீரென்று, தோணியில் நிற்பதுபோல, அவர் குரல் எழும்பியது. “பாயை இறக்குலே! காத்து திரும்புது!”

சிலுவை சரிந்தது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் தள்ளாடித் தரையில் உட்கார்ந்தார்.

“பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமா குடிச்சிட்டுல்லா வந்திருக்கான்” என்று யாரோ சொன்னார்கள். மதினி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். வாயில் கள் வாடை இல்லை. கை சில்லிட்டு நடுங்கியது. என்னைப் பார்த்தார், ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் டாக்டர் வாய் தவறிச் சொல்லவில்லை என்று புரிந்தது.

தெருமுனைக்கு ஓடினேன். அண்ணாச்சி கடை திறந்திருந்தது. “கருப்பட்டி குடுங்க அண்ணாச்சி, சீக்கிரம்!”

“யாருக்கும்மா? நீங்கதான குடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்க?”

“அவுங்களுக்குத்தான். குடுங்க அண்ணாச்சி, உயிர் போகுது!”

அவர் ஒரு முழு வட்டுக் கருப்பட்டியை என் கையில் வைத்தார். வாசற்படியிலேயே அதை அடித்து உடைத்து, ஒரு செம்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். மதினி என் கையைப் பிடித்தார். “ஏளா, உனக்குப் பைத்தியமா? ஒருசந்தியை முறிக்கிறதும் இல்லாம, இனிப்பையா குடுக்கே? எங்க ஐயாவைச் சீனி கொன்னது காணாதா?”

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையாலேயே விஷம் கொடுக்கிறேனோ? பாவமென்றால் என்னோடு போகட்டும் என்று மதினியின் கையைத் தட்டிவிட்டேன். கருப்பட்டியைத் தண்ணீரில் குழைத்து இவர் கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். என் விரலைக் கடித்தார். விடாமல் தேய்த்தேன். தொண்டை அசைந்தது. விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார். பிறகு செம்பைத் தானே பிடித்து மடமடவென்று குடித்தார். சற்றுப் பொறுத்து அவர் கண் என்மேல் நின்றது.

“ஏளா, நடுத்தெருவுல உக்காந்து ஏன் அழுத?”

வீட்டுக்குக் கூட்டிவந்து கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தேன். மதினி தம்பிக்கு விசிறிக்கொண்டிருந்தார். மீதிக் கருப்பட்டி என் முந்தானையில் முடிந்து கிடந்தது. அதை அவிழ்த்துக் கீழே வைக்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம்.

சாயங்காலம் வழக்கம்போலக் குழாயை அடுப்பில் காட்டினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் அசல் செங்கல் சிவப்பில் வந்து நின்றது.

“என்ன நிறம்ளா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இந்தத் தடவை மாமனாரின் கால் கண்முன் வரவில்லை. அந்தக் குரலை இன்னொருதரம் கேட்க வேண்டும் போலிருந்தது.

“என்ன நிறம்னு கேக்கேம்லா?”

“சிவப்புதான்” என்றேன். “எந்திரிச்சு வாங்க, இட்லி சூடா இருக்கு.”